தோலாக் என்றால் தள்ளு

1

போன ஞாயிற்றுக்கிழமை பினாங்குத் தீவைச் சைக்கிளில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தேன். எழுபது கிலோமீட்டருக்கும் மேல். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இதில் ‘சைக்கிளில்’ என்ற சொல்லின் மேல்தான் எங்கள் வீட்டில் தகராறு. மலையில் பாதி தூரம் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன், அதனால் அது சைக்கிள் பயணமே இல்லை என்கிறாள் என் மகள் கவிதா. சைக்கிளும் நானும் ஒன்றாகப் புறப்பட்டோம், ஒன்றாகத் திரும்பி வந்தோம், நடுவில் எங்கேயும் பிரியவில்லை, இது சைக்கிள் பயணம் இல்லாமல் வேறென்ன என்கிறேன் நான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதக் காரணம் இருக்கிறது. பத்து நாளைக்கு முன் புதுக்கோட்டையிலிருந்து சித்தி மகள் போனில் பேசினாள். “இருபத்தாறு வருஷம் ஆச்சே, இந்நேரம் நீ அந்த ஊர்க்காரிதானே?” என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருப்பாள்.

தப்பொன்றும் செய்யவில்லை. நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் மணியம் இந்த ஊரில் பிறந்தவர், ஜெலுத்தோங் பக்கமிருந்து தீவின் மறுபக்கம் இருக்கும் பாலிக் புலாவுக்கு முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கவிதாவும் இங்கே பிறந்தவள். அவர்கள் இரண்டு பேருக்கும் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை. நிரந்தரமாகத் தங்கிக்கொள்ளலாம் என்று அனுமதி பெற்ற வெளிநாட்டவருக்குச் சிவப்பு அட்டை. என்னிடம் இரண்டும் இல்லை. என் பாஸ்போர்ட்டில் தங்குவதற்கு ஒரு பாஸ் ஒட்டுவார்கள், அது முடிவதற்குள் போய்ப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது கணவர் கூட வந்து, இவள் என் மனைவிதான், இன்னும் என்னோடுதான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சண்டைக்கும் ஆயுள் குறைவு. பாஸ் முடிகிற மாதத்தில் நான் மணியத்தோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதே இல்லை.

சிரிக்கத்தான் சொன்னேன். சிரிக்க முடியாத பக்கமும் ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் மணியத்துக்கு நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தின் நடுவில் இன்னொரு பயமும் எட்டிப் பார்த்தது. கையெழுத்துப் போட இவர் இல்லாவிட்டால் நான் இந்த ஊரில் யார்? அந்த நேரத்தில் அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பு போய்விட்டது. கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது.

2

இங்கே கடை, வங்கி, அலுவலகம் என்று எங்கே போனாலும் கண்ணாடிக் கதவில் ‘தோலாக்’ என்று எழுதியிருக்கும். மலாய்க்கு எழுத்து ஆங்கில எழுத்துதான். வந்த முதல் வாரம் ஒரு கதவின் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘தொலை’ என்று சொல்வதுபோலவே இருந்தது. வந்தவளை வாசலிலேயே தொலை என்கிறதே இந்த ஊர் என்று அப்படியே நின்றுவிட்டேன்.

மணியம் பின்னாலிருந்து கை நீட்டிக் கதவைத் தள்ளினார். “தோலாக்னா தள்ளு. அந்தப் பக்கம் தாரிக்னு இருக்கும், அதுன்னா இழு. இந்த ரெண்டு வார்த்த தெரிஞ்சா போதும் லா, இங்க பொழச்சுக்கலாம்.” இந்த ‘லா’வுக்கு அர்த்தம் கிடையாது, இங்கே எல்லார் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டு வார்த்தையை வைத்துப் பிழைக்கப் பார்த்ததுதான் வினையாகிவிட்டது. சிவப்பு அட்டைக்கு முதல் விண்ணப்பம் போட்டு வெகுகாலம் காத்திருந்தோம். கவிதா தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயம் ஒரு நாள் காலையில் கடிதம் வந்தது. மணியம் டியூட்டிக்குப் போயிருந்தார். நானே பிரித்து, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். ‘பெர்மோஹோனான்’ தெரியும், விண்ணப்பம். அதே வரியின் கடைசியில் ‘டித்தோலாக்’. முன்னால் ‘டி’ சேர்ந்தால் செய்யப்பட்டது என்று அர்த்தமாகும் எனப் பக்கத்து வீட்டுக் கக் நோர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கக் என்றால் அக்கா. ஆக, விண்ணப்பம் தள்ளப்பட்டிருக்கிறது.

என் அப்பா புதுக்கோட்டையில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்தவர். எங்கள் வீட்டில் ‘ஃபைலைத் தள்ளிவிட்டான்’ என்றால் அது நல்ல செய்தி. ஒரு மேஜையில் கிடந்தது அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டது என்று பொருள். நகராத ஃபைல்தான் செத்த ஃபைல். அந்தக் கணக்கில் என் விண்ணப்பத்தையும் யாரோ புண்ணியவான் மேலே தள்ளிவிட்டிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். ‘மனு தள்ளுபடி’ என்பதையும் அதே வீட்டில்தான் கேட்டு வளர்ந்தேன். ஆனால் சந்தோஷத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

ஒரு கிலோ ரவையை வறுத்து, முந்திரி போட்டு, கேசரி கிண்டி எங்கள் மாடியில் இருக்கிற எட்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர்வீட்டுச் சீனர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் மணியம் வந்தார். ஒரு வாய் கேசரியைப் போட்டுக்கொண்டே கடிதத்தை வாங்கிப் படித்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

“வசந்தா, இது... குடுக்கல லா. வேணாம்னுட்டான்.”

“தள்ளினதாத்தானே போட்டிருக்கு?”

“ஆமா. நம்மளத் தள்ளிட்டான்.”

அழுதேன். மறுநாள் கக் நோர் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வெறும் பாத்திரமாகக் கொடுக்க மாட்டார், ஏதாவது பலகாரம் வைத்துத்தான் கொடுப்பார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம், “ஆனாலும் கேசரி நன்றாக இருந்தது” என்றார் மலாயில். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் விண்ணப்பத்துக்கும் அதே பதில் வந்தபோது அர்த்தம் தெரிந்தே கேசரி கிண்டினேன். மூன்றாவதற்கும் கிண்டினேன். வேண்டாம் என்று சொன்னதற்கு யாராவது இனிப்புக் கொடுப்பார்களா என்று மாமியார் வீட்டுப் பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். பேசட்டும். ஆபீஸில் முத்திரை குத்தாததற்காக என் அடுப்பு ஏன் அணைய வேண்டும்? கக் நோர் இப்போதும் லிஃப்டில் என்னைப் பார்த்தால் “பீலா லாகி?” என்பார். அடுத்தது எப்போது என்று கேட்கிறார். அவர் கேட்பது கேசரியை.

3

நான் சைக்கிள் பழகியது இருபது வயதில். எங்கள் மாவட்டத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்ட காலம் அது. பெரியவர்களுக்கான சாயங்கால எழுத்து வகுப்பில் பாடம் நடத்த ஊர் ஊராகப் போக வேண்டும், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. பார் வைத்த பெரிய சைக்கிளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, விழுந்து, முட்டியைப் பேர்த்துக்கொண்டு பழகினோம். டீக்கடையில் இருந்தவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அந்த டீக்கடைக் கூட்டத்தில் ஒருவர் அப்பாவிடமே வந்தார். பொம்பளைகள் சைக்கிளில் திரிவதால் ஊர் ஒழுங்கு கெடுகிறது, தடுக்க வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதித் தரச் சொன்னார். அப்பா எழுதினார். கேட்டதை எழுதுவது அவர் தொழில். ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்து, கையெழுத்து வாங்கி, கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து என்னிடம், “நாளைக்கு வெள்ளனமே சைக்கிள எடுத்துட்டுப் போயிரு. மனு பத்து மணிக்குத்தான் ஆபீசுக்குப் போகும்” என்றார்.

அந்த மனு தள்ளுபடி ஆனது. தள்ளுபடியிலும் நல்ல தள்ளுபடி உண்டு.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். புதுக்கோட்டையில் நான் பார்த்த பெரிய ஏற்றம் கண்மாய்க் கரைதான். எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் ஏறிவிடலாம். பினாங்கு அப்படி இல்லை. தீவின் நடுவில் மலை, ஓரத்தில் கடல், இரண்டுக்கும் இடையில் கிடைத்த இடத்தில் ரோடு. வந்த புதிதில் நான் சைக்கிள் கேட்டபோது, “இங்க யாரும் சைக்கிள்ல போக மாட்டாங்க, எல்லாம் மோட்டார் சைக்கிள்தான்” என்றார்கள். கவிதா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நானே ஜெலுத்தோங்கில் ஒரு பழைய சைக்கிளை வாங்கினேன். முன்னால் கூடை, பின்னால் ஏழு கியர். பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, மீன் வாங்கப் போவதும் அதில்தான், அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் அதில்தான். பத்து வயதில் ஒரு நாள் அவள் என்னிடம், பள்ளிக்கூடக் கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே நில், மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றாள். தள்ளித்தான் நின்றேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தும்.

4

இப்போது கவிதாவுக்கு இருபத்து நாலு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். அவளுக்கு மெல்போர்னில் வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் சில மாதத்தில் கிளம்புகிறாள். கிளம்புகிற பிள்ளை சும்மா கிளம்பாமல் என்னையும் கூப்பிட்டாள்.

“மா, நீயும் என்கூட வந்துரு. அங்க பேரண்ட்ஸுக்கு விசா இருக்கு. இங்கயே எத்தன வாட்டிதான் கேட்டுக்கிட்டு இருப்பே?”

“அங்கேயும் ஒரு கதவு இருக்குமே. அதுல என்ன எழுதியிருக்கும்?”

“புஷ் லா” என்றாள்.

நாலாவது தடவை விண்ணப்பம் போடப் போகிறேன் என்று சொன்னேன். ஃபாரம் பக்கம் பக்கமாக மலாயில் இருக்கும். என் மலாய் மீன் கடைக்குப் போதும், ஃபாரத்துக்குப் போதாது. மணியம், “பாஸ் இருக்குல்ல, விட்டுரு வசந்தா” என்று ஒதுங்கிக்கொண்டார். ஆக, கவிதாதான் நிரப்ப வேண்டும். முடியாது என்றாள். ஏன் என்று கேட்டேன்.

“எனக்கு வெவரம் தெரிஞ்சதுலேருந்து லெட்டர் வந்தா நீ கேசரி செய்வே. எல்லாரும் சாப்பிடுவாங்க. நான் பாத்ரூம்ல போயி அழுவேன். ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது. எனக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் சைக்கிள் விஷயம் வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் போகிற ஒரு கூட்டம் உண்டு. பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், உடம்போடு ஒட்டிய சட்டை போட்டவர்கள். அவர்கள் தீவைச் சுற்றப் போவதாகச் சொன்னார்கள். நானும் வருகிறேன் என்று பேர் கொடுத்தேன். கேட்டதும் கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் தொழிற்சாலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். ‘மா, வேன்ல ஏறாம நீ பூசிங் புலாவ் பண்ணிட்டா நானே ஃபாரம் நிரப்பி ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். வேன்ல ஏறிட்டா இனிமே ரெட் ஐசி பத்திப் பேசக்கூடாது. டீல்?’

பூசிங் என்றால் சுற்றுவது, புலாவ் தீவு. ரெட் ஐசி அந்தச் சிவப்பு அட்டை. வேன் என்பது கூட்டத்தின் கடைசியில் வருகிற வண்டி, முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும். என் மகளுக்குத் தமிழ்ச் சொல் கைக்கு வராத இடத்தில் மலாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். வழக்கமாக அதற்கு நான் முகத்தைச் சுளிப்பேன். அன்றைக்குச் சுளிக்கவில்லை. மனு எழுதியவரின் மகள் நான். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் ‘டீல்’ என்று பதில் போட்டேன்.

5

மணியம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் பஸ் ஓட்டிய மலை ரோடு முழுவதையும் வரைந்து கொடுத்தார். எந்த வளைவில் நிழல், எந்த வளைவில் குரங்கு, எங்கே லாரிக்காரன் ஹாரன் அடிக்காமல் வருவான் என்றெல்லாம் எழுதியிருந்தார்.

“எறங்கித் தள்ள வெக்கப்படாத. நானே ரெண்டு வாட்டி பஸ்ஸ ஏத்த முடியாம பேசெஞ்சர எறக்கி நடக்க வச்சிருக்கேன். அதுக்காக அவங்க யாரும் பாலிக் புலாவ் போகலன்னு ஆயிடுமா?”

விடிகிற நேரத்தில் ஜெலுத்தோங்கிலிருந்து கிளம்பினோம். பதினான்கு சைக்கிள், ஒரு வேன். வேனை ஓட்டியவர் குணா, நாற்பது வயதுக்காரர், வாழைப்பழமும், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும் ஏற்றி வந்திருந்தார். பக்கத்து சீட்டில் கவிதா. பந்தயத்துக்குச் சாட்சியாம்.

தஞ்சோங் பூங்கா தாண்டியதும் ரோடு கடலைப் பிடித்துக்கொண்டு வளையத் தொடங்கும். ஒரு ஏற்றம், உச்சியில் கீழே பாறையும் நீலமும், உடனே ஒரு இறக்கம். மறுபடி ஏற்றம். பத்து பெரிங்கி போகும்வரை இதே கதை. இறக்கத்தில் காற்று முகத்தில் அடிக்க நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். இருபத்தாறு வருஷமாக இந்தக் கடலை மணியத்தின் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். என் காலால் வந்து பார்ப்பது வேறாக இருந்தது. கூட்டத்தில் மற்றவர்கள் அதற்குள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்கள்.

தெலுக் பஹாங்கில் கடல் ரோட்டை விட்டு மலை ரோடு பிரிகிறது. அணைக்கட்டுப் பக்கத்து ஏற்றம் வரை மிதித்தேன். அதற்கு மேல் காடு. மூன்றாவது வளைவில் கியர் தீர்ந்தது. நாலாவதில் மூச்சுத் தீர்ந்தது. இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினேன்.

வேன் பின்னால் ஊர்ந்து வந்தது. குணா ஜன்னலில் தலையை நீட்டினார். “அக்கா, ஏறிக்கோங்க லா. சைக்கிளப் பின்னால போட்டுக்கலாம். உச்சியில எறங்கிக்கோங்க. யாரு பாக்கப் போறா?”

“நான் பாப்பேன் தம்பி.”

இந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. கவிதா எட்டிப் பார்த்தாள். “மா, தள்ளுறது கவுண்ட் இல்ல.”

“உன் மெசேஜ எடு. சத்தமாப் படி.”

படித்தாள்.

“பூசிங்னா என்ன?”

“சுத்துறது.”

“ஓட்டுறதுன்னு எங்கயாவது போட்டிருக்கா? மிதிக்கிறதுன்னு போட்டிருக்கா? வேன்ல ஏறக்கூடாது, சுத்தி வரணும். அவ்வளவுதானே?”

குணா சிரித்த சிரிப்பில் வண்டி அணைந்துபோனது. “கவி, ஒங்கம்மா லாயர் லா. கெஞ்சிப் பாரு, சட்டம் பேசாத” என்றார்.

வளைவு வளைவாகத் தள்ளினேன். காலண்டர் தாளில் போட்டிருந்த இடத்தில் நிழல் இருந்தது, போட்டிருந்த இடத்தில் குரங்கும் இருந்தது. உச்சியை அடைந்தபோது வியர்வையில் கண் எரிந்தது. மறுபக்கம் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். டுரியான் பழக் கடைகள், அப்புறம் தென்னைகள், அப்புறம் பாலிக் புலாவ். கூட்டம் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான் நாசி லெமாக்கைப் பிரித்து இலையோடு வழித்துச் சாப்பிட்டேன்.

பாலிக் புலாவுக்கு அப்பாலும் ஒரு மலை இருக்கிறது. அது உயரம் குறைவு. ஆனால் நடுப்பகலில் வருகிறது. அதில்தான் என் கால் என்னைக் கைவிட்டது. தள்ளிக்கொண்டிருந்தபோதே கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. சைக்கிளோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வேன் பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறந்ததும் ஏசிக் காற்று என் மேல் பட்டது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்குச் சிவப்பு அட்டையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றுதான் இருந்தது.

கவிதா இறங்கி வந்து புல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்து, காலை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்தாள்.

“மா, போதும். ஏறிக்கோ. நான் ஃபாரம் நிரப்புறேன். ப்ராமிஸ். நீ வேன்ல வந்தாலும் நிரப்புறேன்.”

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள். “அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ நான் ஃபர்ஸ்ட் என்ன நெனச்சேன் தெரியுமா? அப்பா செத்துட்டா அம்மாவ அனுப்பிருவாங்களான்னு. அப்பாவப் பத்தி அப்புறம்தான் நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல. அசிங்கமா இருந்துச்சு.”

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இவள்தான். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு, அதை நினைத்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறோம். “நானும் அதத்தான்டி நெனச்சேன்” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் அழுததைக் குணா பார்க்காததுபோலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்திலிருந்து கடல் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சைக்கிளை நிமிர்த்தினேன்.

“மா! அதான் நிரப்புறேன்னு சொல்லிட்டேனே!”

“நீ நிரப்புவே, எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா இந்த ஊருல எனக்கு எல்லாமே இன்னொருத்தர் கையெழுத்துல வந்ததுதான். இந்த ஒண்ணு என் கால்ல வரட்டும்.”

அவள் வேனில் ஏறவில்லை. செருப்புக் காலோடு என் பக்கத்தில் நடந்தாள். ஓர் இடத்தில் சத்தம் போடாமல் பின் கேரியரில் கை வைத்துத் தள்ளினாள். சைக்கிள் திடீரென்று லேசானதும் திரும்பிப் பார்த்தேன்.

“கைய எடு. தள்ளுறது நான்.”

எடுத்துவிட்டாள். உச்சி வரைக்கும் தண்ணீர் போத்தலை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

6

தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ், அப்புறம் சமதரையில் காரும் மோட்டாருமாக ஒரே நெரிசல். ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே வந்து நின்றபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒருவரும் இல்லை. மணியம் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “எத்தன வளைவு எறங்குன?” என்றார். எண்ணவில்லை என்றேன்.

குணாவிடம் பேர்ப் பட்டியல் இருந்தது. முடித்தவர்கள் பேருக்கு எதிரே ‘ஹாபிஸ்’ என்று எழுதியிருந்தது. முடிந்தது என்று அர்த்தம். என் பேருக்கு எதிரே என்ன போடுவதென்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் ‘ஹாபிஸ்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘தோலாக்’ என்று போட்டார். கவிதா சண்டைக்குப் போனாள், அதை அடித்துவிடச் சொன்னாள். இருக்கட்டும் என்றேன். இவ்வளவு சரியாக என்னைப் பற்றி யாரும் இந்த ஊரில் எழுதியதில்லை.

தள்ளியது சைக்கிள் பயணத்தில் சேராது என்று கவிதா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பினாள். கூடவே ஒரு கடிதமும் வைக்க வேண்டும். முந்தைய மூன்று கடிதத்திலும் தாழ்மையுடன், பணிவுடன் என்று அப்பாவின் மனுவில் வருகிற சொற்களையெல்லாம் மலாயில் மாற்றிப் போட்டிருந்தோம். இந்தத் தடவை அவற்றை எடுத்துவிடச் சொன்னேன். மரியாதை இருக்கட்டும், தாழ்மை வேண்டாம் என்றேன்.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மா. போன வாட்டி எல்லாம் ‘கணவருடன் வாழ்வதற்காக’ன்னு போட்டிருக்கோம். அதையே போடவா?”

“அதையும் போடு. அது பொய்யில்ல. அதுக்கு முன்னாடி, இது என் ஊருன்னு போடு.”

பேனா மூடியைத் திறந்தாள். அப்புறம் குனிந்து எழுதினாள்.

இன்று காலையில் மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனோம். வாசல் கதவில் அதே சொல். மணியம் பழக்கத்தில் கையை நீட்டினார். அவர் கையை விலக்கிவிட்டு நானே தள்ளினேன். எண் எடுத்து, காத்திருந்து, கவுண்டரில் உட்கார்ந்தோம். கவிதா வயதுப் பெண்தான் அங்கே இருந்தாள். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரக்கமாகத்தான் கேட்டாள். “தீகா காலி டா கெனா தோலாக், மாக் சிக்?” மூன்று தடவை தள்ளிவிட்டார்களே, அம்மா என்று.

கவிதா எனக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“யா. சாயா தோலாக் சம்பாய் ஆதாஸ்.”

ஆமாம், நான் உச்சி வரைக்கும் தள்ளினேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கவிதா குபீரென்று சிரித்தாள். என் மலாயைக் கேட்டு அவள் சிரித்ததை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன், எல்லாம் நான் செய்த பிழைக்காக. பிழை இல்லாத ஒன்றுக்கு அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை.

கவுண்டர் பெண் ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தாள். பதில் எப்போது வரும் என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றாள். கவிதா மெல்போர்ன் போன பிறகுதான் வரும் என்று நினைக்கிறேன். வெளியே வந்ததும் அவள், “மா, வீட்டுல ரவை இருக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். வரும் வழியில் நிறுத்தி ஒரு கிலோ வாங்கிக்கொண்டோம்.